கரண்ட் பற்றி யாரும் பேசுவதில்லை: தெராக்-25 கதை சொல்லப்படும் விதம்

மென்பொருள் படித்த யாரிடமாவது 'தெராக்-25' என்று சொல்லிப் பாருங்க. பத்தில் எட்டுப் பேருக்குத் தெரிந்திருக்கும். கல்லூரியில் ஏதோ ஒரு வகுப்பில், பெரும்பாலும் மென்பொருள் சோதனை பற்றிய பாடத்தில், ஒரு ஸ்லைடில் வந்திருக்கும். கதை இப்படிப் போகும்: கனடாவில் செய்த புற்றுநோய் சிகிச்சை இயந்திரம். 1985 முதல் 1987 வரை ஆறு நோயாளிகளுக்கு அளவு மீறிய கதிர்வீச்சு. சிலர் இறந்தார்கள். காரணம் நிரலில் இருந்த ஒரு 'ரேஸ் கண்டிஷன்'. ஆகவே மாணவர்களே, ஒழுங்காக டெஸ்ட் செய்யுங்கள். முடிந்தது.

இந்தக் கதையில் பொய் எதுவும் இல்லை. ஆனால் கேட்டு முடித்தபிறகு ஒரு எளிய கேள்விக்குப் பதில் கிடைக்காது. 180 ராட் கொடுக்க வேண்டிய இயந்திரம், ஒரு எழுத்து மாறிப் போனதற்காக எப்படி 16,500 முதல் 25,000 ராட் வரை கொடுத்தது? பிழை இருந்தால் 200 கொடுக்கலாம், 300 கொடுக்கலாம், ஒன்றுமே கொடுக்காமல் நிற்கலாம். நூறு மடங்கு எங்கிருந்து வந்தது? மென்பொருள் பிழை அதுவாக ஆற்றலை உண்டாக்காது. அந்த நூறு மடங்கு ஏற்கெனவே இயந்திரத்துக்குள் இருந்திருக்க வேண்டும், தினமும், எல்லா நோயாளிகளுக்கும் தலைக்கு மேலே. அது ஏன் அங்கே இருந்தது என்பதுதான் என் கேள்வி. அதற்கு நேரியல் முடுக்கி, அதாவது லினாக், எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் தெரிந்தாக வேண்டும்.

துகளை வேகப்படுத்த எளிய வழி பெரிய மின்னழுத்தம். ஒரு முனையில் எதிர், மறுமுனையில் நேர், நடுவில் எலக்ட்ரான் ஓடும். ஆனால் மின்னழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போக முடியாது, ஒரு கட்டத்தில் பொறி பறந்துவிடும். 1924-இல் ஸ்வீடனைச் சேர்ந்த குஸ்தாவ் ஈசிங் இதற்கு ஒரு மாற்று வழியைக் காகிதத்தில் எழுதினார். அதை வேறு வடிவில் செய்து காட்டியவர் நார்வேக்காரரான ரோல்ஃப் விடரோ, ஜெர்மனியின் ஆஹென் நகரில். 1928-இல் அவர் ஆய்வு வெளியானது. சின்ன மின்னழுத்தத்தையே திரும்பத் திரும்பப் பயன்படுத்து, அவ்வளவுதான் யோசனை. அவர் 25,000 வோல்ட்டை இரண்டு முறை கொடுத்து 50,000 வோல்ட்டுக்குச் சமமான ஆற்றலை அயனிகளுக்கு ஏற்றினார். மாறுமின்னோட்டம் தவறான திசைக்குத் திரும்பும் நேரத்தில் துகள் ஓர் உலோகக் குழாய்க்குள் ஒளிந்திருக்கும். வெளியே வரும்போது மின்புலம் மறுபடி சரியான திசைக்கு வந்திருக்கும்.

இதை விளக்க எல்லாரும் ஊஞ்சலைத்தான் எடுப்பார்கள். சரியான நேரத்தில் தள்ளு, உயரம் கூடும். நேரம் பற்றிய பாதி சரி, ஆனால் ஊஞ்சல் இருந்த இடத்துக்கே திரும்பி வரும், தள்ளுகிறவரும் ஒருவர்தான். தெருவில் சைக்கிள் டயரைக் குச்சியால் தட்டி ஓட்டும் பிள்ளைகள்தான் எனக்குப் பொருத்தமாகத் தெரிகிறார்கள். தெரு நெடுக வரிசையாகப் பிள்ளைகள் நிற்கிறார்கள், டயர் தன்னைக் கடக்கும் நொடியில் ஆளுக்கு ஒரு தட்டு. முந்தினாலும் பிந்தினாலும் டயர் சாய்ந்துவிடும்.

எலக்ட்ரான் விஷயத்தில் ஒரு விநோதம் உண்டு. அது மிக இலேசானது. 10 லட்சம் எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் ஏறினாலே ஒளியின் வேகத்தில் 94 சதவீதத்தைத் தொட்டுவிடும். அதற்குப் பிறகு எவ்வளவு தட்டினாலும் வேகம் கூட வழியில்லை, ஆற்றல் மட்டும் ஏறிக்கொண்டே போகும். 'முடுக்கி' என்ற பெயரே அங்கே பாதிப் பொய்யாகிவிடுகிறது. இது வசதியும்கூட. வேகம் மாறாததால் தட்டும் இடங்களைச் சம இடைவெளியில் வைத்துக்கொள்ளலாம். இரண்டாம் உலகப் போரில் ராடாருக்காக வளர்ந்த மேக்னட்ரான், கிளிஸ்ட்ரான் கருவிகள் விநாடிக்குச் சுமார் 300 கோடி முறை அதிரும் நுண்ணலைகளைத் தந்தன. அலைநீளம் ஒரு சாண் கூட இல்லை, சுமார் 10 சென்டிமீட்டர். அதற்கேற்ற அறைகள் கொண்ட செம்புக் குழாய்க்குள் அந்த அலையை விட்டால் எலக்ட்ரான்கள் கொத்துக் கொத்தாக அதில் ஏறிப் போகும். 1953-இல் லண்டன் ஹாமர்ஸ்மித் மருத்துவமனையிலும், 1956-இல் ஸ்டான்ஃபோர்டிலும் இதை வைத்து நோயாளிகளுக்குச் சிகிச்சை தொடங்கியது. ஸ்டான்ஃபோர்டில் பிறகு 3 கிலோமீட்டருக்கு மேல் நீளமான ஒன்றைக் கட்டி, புரோட்டானுக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்தார்கள். இன்று துறைமுகத்தில் கன்டெய்னரைத் திறக்காமல் உள்ளே பார்ப்பதும், ஊசிகளையும் மருத்துவப் பொருள்களையும் கிருமி நீக்குவதும் இதே குடும்பத்து இயந்திரங்கள்தான்.

தெராக்-25-க்கு வருவோம். கனடா அரசு நிறுவனமான ஏ.இ.சி.எல். செய்தது. இதில் எலக்ட்ரான் கற்றை முடுக்கிக்குள் ஒரு முறை போய், காந்தத்தால் திருப்பப்பட்டு, அதே முடுக்கி வழியாக மறுபடி வரும். அதனால் சின்ன இடத்தில் 25 மெகா எலக்ட்ரான் வோல்ட். அழகான ஏற்பாடு. ஒரே இயந்திரத்தில் இரண்டு விதச் சிகிச்சையும் உண்டு. மேலோட்டமான கட்டிக்கு எலக்ட்ரானையே நேராக உடம்பின் மேல் விடுவார்கள், காந்தங்களால் அங்கும் இங்கும் அசைத்துப் பரப்பி. ஆழத்தில் இருக்கும் கட்டிக்கு எலக்ட்ரானை ஓர் உலோக இலக்கில் மோதவிட்டு, வரும் எக்ஸ் கதிரைப் பயன்படுத்துவார்கள். அந்தக் கதிர் நடுவில் செறிவாகவும் ஓரத்தில் நீர்த்தும் வரும் என்பதால், கூம்பு வடிவ உலோகம் ஒன்றை நடுவில் வைத்துச் சமப்படுத்துவார்கள்.

இப்போது கணக்கைப் பாருங்க. எக்ஸ் கதிராக மாறும்போது ஆற்றலில் ஒரு பகுதி இலக்கிலேயே வெப்பமாகப் போகும். வந்த கதிரிலும் பெரும் பங்கைக் கூம்பு தின்றுவிடும். இத்தனை வரி கட்டியபிறகு நோயாளிக்கு உரிய டோஸ் போய்ச் சேர வேண்டுமென்றால், தொடக்கத்தில் கற்றையின் மின்னோட்டம் மிக அதிகமாக இருக்க வேண்டும். எலக்ட்ரான் சிகிச்சைக்குத் தேவையானதைப் போலச் சுமார் நூறு மடங்கு. நான் கேட்ட நூறு மடங்கு இதுதான். எந்தப் பிழையும் அதை உண்டாக்கவில்லை, வடிவமைப்பே அப்படி. இலக்கும் கூம்பும் ஒரு சுழல்தட்டில் இருந்தன. தட்டு சரியான இடத்தில் நின்றால் நூறு மடங்கு கரண்ட் சிகிச்சை. தட்டு வேறு இடத்தில் நின்றால்?

நம்மூரில் கதிர்வீச்சுச் சிகிச்சைக்கு 'கரண்ட் வைக்கிறது' என்றுதான் பேர். 'அம்மாவுக்கு இருபத்தஞ்சு கரண்ட் வைக்கணும்னு டாக்டர் சொல்லிட்டார்' என்பார்கள். அது கரண்ட் இல்லை, கதிர்வீச்சு என்று படித்தவர்கள் திருத்துவார்கள். தெராக்-25-ஐப் பொறுத்தவரை திருத்த வேண்டியதில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. விஷயமே கரண்ட்தான்.

இந்தச் சம்பவங்கள் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி ஒரே கட்டுரையிலிருந்து வருகிறது. நான்சி லெவ்சனும் கிளார்க் டர்னரும் 1993 ஜூலையில் ஐ.இ.இ.இ. கம்ப்யூட்டர் இதழில் எழுதியது. ஸ்லைடுகள் எல்லாம் இதன் நகலின் நகல். மூலத்தைப் படித்தால் ஆச்சரியமாக இருக்கும். ரேஸ் கண்டிஷன் அதில் ஒரு பகுதி மட்டும்தான். மீதியெல்லாம் கடிதப் போக்குவரத்து: மருத்துவமனை கேட்கிறது, நிறுவனம் மறுக்கிறது, அமெரிக்க எஃப்.டி.ஏ. விளக்கம் கேட்கிறது, நிறுவனம் திட்டம் அனுப்புகிறது, அது போதாது என்று திரும்பி வருகிறது. குரலை எங்கும் உயர்த்தாமல் எழுதியிருக்கிறார்கள். யாரையும் வில்லனாக்கவில்லை. படிக்கப் படிக்கக் கோபம் நமக்குத்தான் வரும்.

டெக்சாஸின் டைலர் நகரில் 1986 மார்ச் 21-இல் நடந்ததை அவர்கள் விவரிக்கும் பகுதி அந்தக் கட்டுரையின் உச்சம். முதுகில் சிகிச்சை பெறும் நோயாளி குப்புறப் படுத்திருக்கிறார், இது அவருக்கு ஒன்பதாவது முறை. 22 மெகா எலக்ட்ரான் வோல்ட் எலக்ட்ரான், 180 ராட். இயக்குபவர் வெளியே கணினி முன். பெரும்பாலான சிகிச்சைகள் எக்ஸ் கதிர் என்பதால் பழக்கத்தில் 'எக்ஸ்' என்று தட்டிவிடுகிறார். கவனித்து, மேல்நோக்கும் விசையை அழுத்திப் போய் 'ஈ' என்று திருத்துகிறார். மற்றதெல்லாம் சரியாக இருப்பதால் ரிட்டர்ன் விசையைப் படபடவென்று தட்டி முடிக்கிறார். காந்தங்களை அமைக்க இயந்திரத்துக்குச் சுமார் 8 விநாடி வேண்டும். அதற்குள் திருத்தம் முடிந்துவிட்டது. நிரலின் ஒரு பகுதி திருத்தத்தைப் பார்த்தது, சுழல்தட்டு எலக்ட்ரானுக்குத் திரும்பியது. இன்னொரு பகுதி பார்க்கவில்லை. கற்றையின் அமைப்பு எக்ஸ் கதிருக்கு உரியதாகவே நின்றது. திரையில் எல்லாம் சரி என்று காட்டியது.

கற்றையை விட்டதும் 'மால்ஃபங்ஷன் 54' என்று வந்து நின்றது. அந்த எண்ணுக்கு அர்த்தம் டோஸ் கூடிவிட்டது அல்லது குறைந்துவிட்டது. இரண்டில் எது என்று சொல்லாது! 202 அலகு கேட்ட இடத்தில் 6 அலகுதான் போயிருப்பதாகத் திரை காட்டியது. குறைவாகத்தானே போயிருக்கிறது என்று அவர் தொடர்வதற்கான விசையை அழுத்தினார். அன்றைக்கு அறையின் கேமராவும் இயங்கவில்லை, உள்ளே பேசுவதைக் கேட்கும் கருவியும் பழுது. முதல் அடியிலேயே முதுகில் சூடான காபி கொட்டியது போல உணர்ந்த நோயாளி எழுந்துகொள்ள முயன்றபோது இரண்டாவது அடி கையில் விழுந்தது. ஐந்து மாதத்தில் அவர் இறந்துபோனார்.

திரை ஏன் 6 என்று காட்டியது? பெரும்பாலான மறுகூறல்கள் இதைத் தொடுவதே இல்லை, அல்லது இதுவும் ஒரு மென்பொருள் பிழை என்று நினைத்துக்கொள்கின்றன. டோஸை அளப்பது அயனி அறை. கதிர் உள்ளே இருக்கும் வாயுவை அயனிகளாக உடைக்கும், அந்த மின்னூட்டத்தைச் சேகரித்து எண்ணுவார்கள். கதிர் மிகச் செறிவாக வந்தால், சேகரிப்பதற்குள் அயனிகள் தங்களுக்குள் மறுபடி சேர்ந்துவிடும். அறை திணறிவிடும், எண் குறைவாக வரும். அதாவது ஆபத்து எவ்வளவு பெரிதோ, அளவீடு அவ்வளவு தூரம் உண்மையைவிட்டு விலகும். இது நிரலில் இல்லை, இயற்பியலில் இருக்கிறது. லெவ்சனும் டர்னரும் இதைச் சொல்கிறார்கள், ஆனால் போகிற போக்கில். எனக்கு இது மொத்தக் கதையின் நடுப்புள்ளி.

கட்டுரையிடம் எனக்கு இருக்கும் முதல் மனத்தாங்கல் இதுதான். கணினி இதழ் வாசகருக்காக எழுதியதால் முடுக்கி பற்றிய பகுதி ஒரு பெட்டிக்குள் ஒதுங்கிக் கிடக்கிறது. அதிலும் நூறு மடங்குக்குக் காரணமாகச் சமப்படுத்தும் கூம்பை மட்டுமே சொல்கிறார்கள். கூம்பு இடத்தில் இல்லையென்றால் டோஸ் எகிறிவிடும் என்கிறார்கள். இது பாதிதான். இன்றைய லினாக்குகளில் கூம்பே இல்லாமல் வேண்டுமென்றே எக்ஸ் கதிர் கொடுக்கும் முறை இருக்கிறது. பரவலாக இருக்கும் ஓர் இயந்திரத்தில் நிமிடத்துக்கு 600 அலகு என்பது, கூம்பு இல்லாமல் 6 மெகாவோல்ட்டில் 1,400 ஆகவும் 10 மெகாவோல்ட்டில் 2,400 ஆகவும் ஏறுகிறது. 25-இல் இன்னும் கூடுதலாகத் தின்னும், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் டைலரில் நோயாளியைத் தொட்டது கூம்பு கழற்றிய எக்ஸ் கதிர் அல்ல, இலக்கே இல்லாமல் வந்த எலக்ட்ரான் கற்றை. இலக்கு போனதுதான் பெரிய விஷயம், கூம்பு போனது கூடுதல். பெட்டியை மட்டும் படிக்கும் வாசகருக்கு இந்த வித்தியாசம் தெரியாமலே போகும்.

அதே சமயம், நிறுவனத்தின் எண்களை அவர்கள் கையாளும் விதத்துக்கு ஈடு இல்லை. 1983-இல் நடந்த பாதுகாப்பு ஆய்வில் கணினி தவறான ஆற்றலைத் தேர்ந்தெடுக்க வாய்ப்பு பத்தாயிரம் கோடியில் ஒன்று என்று எழுதியிருந்தார்களாம். மென்பொருளில் எஞ்சியிருக்கும் பிழைகளைக் கணக்கில் எடுக்காத ஆய்வு அது. 1985 ஜூலையில் ஹாமில்டன் விபத்து நடந்ததும் நிறுவனம் ஒரு மைக்ரோசுவிட்ச் மேல் சந்தேகப்பட்டது. அந்தக் கோளாறை அவர்களால் மறுபடி வரவழைக்க முடியவில்லை. இருந்தும் அதைத் திருத்திவிட்டு, பாதுகாப்பு குறைந்தது லட்சம் மடங்கு கூடிவிட்டதாக அறிவித்தார்கள். காரணமே தெரியாத ஒன்றில் லட்சம் மடங்கு முன்னேற்றம்! டைலரின் முதல் விபத்துக்குப் பிறகு மின் அதிர்ச்சியாக இருக்கலாம் என்று ஒரு பொறியியல் நிறுவனத்தை வைத்துச் சோதித்தார்கள், ஒன்றும் கிடைக்கவில்லை. இயந்திரம் மறுபடி ஓடியது. மூன்று வாரத்தில் அதே ஊரில் இரண்டாவது விபத்து. அதற்கப்புறம் அந்த மருத்துவமனையின் இயற்பியலாளரும் இயக்குபவரும் உட்கார்ந்து, திரும்பத் திரும்பத் தட்டிப் பார்த்து, வேகமாகத் திருத்தினால்தான் 54 வருகிறது என்று கண்டுபிடித்தார்கள். நிறுவனத்தின் உடனடிப் பரிகாரம் என்ன தெரியுமா? மேல்நோக்கும் விசையின் மூடியைக் கழற்றி, உள்ளே இன்சுலேஷன் டேப் ஒட்டச் சொன்னார்கள்.

இதோடு முடிந்ததா என்றால் இல்லை. 1987 ஜனவரியில் வாஷிங்டன் மாநிலத்தின் யாகிமாவில் ஆறாவது விபத்து. அதற்குக் காரணம் முற்றிலும் வேறு பிழை: 255-க்கு மேல் எண்ண முடியாத ஓர் எண், 256-ஆவது முறை பூஜ்யமாகிவிடும், அந்த நொடியில் விசையை அழுத்தினால் சோதனை நடக்காது. 'ரேஸ் கண்டிஷன் கதை' என்று சொல்கிறவர்கள் இதை எங்கே வைப்பார்கள்? இரண்டு தனித்தனிப் பிழைகள், ஒரே விளைவு. பொதுவாக இருந்தது சுழல்தட்டும் கரண்டும்தான்.

இதற்கான சாட்சி கட்டுரையிலேயே இருக்கிறது. முந்தைய மாடலான தெராக்-20-இலும் அதே திருத்தப் பிழை இருந்தது. சிகாகோவில் பயிற்சி மாணவர்கள் அதில் தாறுமாறாகத் தட்டும்போதெல்லாம் ஃப்யூஸ் போகும், பிரேக்கர் விழும். அவ்வளவுதான். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, ஏனென்றால் தட்டும் கற்றையும் பொருந்தாவிட்டால் நிறுத்திவிடும் தனி மின்சுற்று அதில் இருந்தது. கணினி பார்த்துக்கொள்ளும் என்று தெராக்-25-இல் அதை எடுத்துவிட்டார்கள். பிழை பழையது, எடுத்துவிட்டதுதான் புதியது.

இரண்டாவது மனத்தாங்கல், கட்டுரை கேட்காமல் விட்ட கேள்வி. ஏ.இ.சி.எல். கோபால்ட் இயந்திரங்களுக்குப் பேர்போன நிறுவனம். கோபால்ட்-60-இல் டோஸ் வேகம் உங்கள் கையில் இல்லை. அது தன் போக்கில் சிதைந்துகொண்டிருக்கும், சுமார் ஐந்தே கால் வருடத்துக்குப் பாதியாகும். கதவைத் திறக்கலாம், மூடலாம், நேரத்தைத் தப்பாக வைக்கலாம். ஆனால் ஒரு விநாடிக்குள் நூறு மடங்கு கொடுக்க அந்தப் பொருளுக்கே சக்தி கிடையாது. லினாக்கில் ஆற்றல், கரண்ட், முறை எல்லாமே அமைக்கக்கூடிய எண்கள். அதுதான் அதன் பெருமை, அதற்காகத்தான் வாங்குகிறோம். கோபால்ட் காலத்தில் பழகிய பாதுகாப்பு எண்ணம் அந்த நிறுவனத்துக்குள் எவ்வளவு ஒட்டியிருந்தது? ஆதாரம் காட்ட என்னிடம் ஒன்றும் இல்லை, இது என் ஊகம்தான். ஆனால் கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

எஃப்.டி.ஏ.வின் நெருக்குதலில் கடைசியில் இயந்திரத்தில் சேர்த்தவற்றில் இரண்டைப் பாருங்க. சுழல்தட்டு நிஜமாக எங்கே நிற்கிறது என்று கணினியைக் கேட்காமலே அறியும் ஒரு பொட்டன்ஷியோமீட்டர். அப்புறம் ஒற்றைத் துடிப்பிலேயே நிறுத்தும் தனி மின்சுற்று. லினாக்கின் கற்றை தொடர்ச்சியானதல்ல, சில மைக்ரோவிநாடி நீளமான துடிப்புகளாக, விநாடிக்கு நூற்றுக்கணக்கில் வரும். ஒரு துடிப்பு அளவுக்கு மேல் இருந்தால் அடுத்தது வரவே கூடாது. முடுக்கி எப்படி இயங்குகிறது என்று யோசித்தவர்கள் மட்டுமே சொல்லக்கூடிய தீர்வு.

கட்டுரையைத் தேடிப் படிக்கிறவங்களுக்கு ஒரு யோசனை: முதல் பக்கத்திலிருந்து தொடங்காதீங்க. சுழல்தட்டின் படம் ஒன்று இருக்கும், அதில் ஆரம்பிங்க. மூன்று நிலைகளிலும் கற்றைக்கு எதிரே என்னென்ன வந்து நிற்கிறது என்று விரலை வைத்துப் பார்த்துக்கொண்டு, பிறகு டைலர் பகுதிக்குப் போங்க.